ஒரே சொல், இத்தனை பொருள்: லத்தீன் 'ரத்தியோ'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வைகறை வாசகி:

வணக்கம் நண்பர்களே. மூன்று ஆண்டுகளாகத் தனியாக லத்தீன் படித்து வருகிறேன். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம், அவ்வளவுதான். இப்போது ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் 'கடமைகள் பற்றி' நூலின் முதல் பகுதியில் இருக்கிறேன். கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக அவர் எழுதியது. படிக்கப் படிக்க எனக்காகத் தமிழில் எழுதிப் பார்ப்பது வழக்கம்.

அதில் 'ரத்தியோ' என்ற சொல்லிடம் வந்து நின்றுவிட்டேன். அகராதியைத் திறந்தால் கணக்கு, கணக்கேடு, தொகை, கொடுக்கல் வாங்கல், தொடர்பு, அக்கறை, வழி, முறை, திட்டம், கோட்பாடு, காரணம், வாதம், அறிவு, நியாயம் என்று இரண்டு பத்தி நீளத்துக்குப் போகிறது. ஓரிடத்தில் 'முறை' என்று போட்டேன். அடுத்த பக்கத்தில் 'அறிவு' என்று போட்டேன். இன்னோர் இடத்தில் 'காரணம்'. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப ஒலித்து ஒரு கோர்வையைக் கொடுக்கிறது. என் தமிழில் அந்தக் கோர்வையே இல்லை.

இதற்கு ஒரே தமிழ்ச் சொல் உண்டா? அல்லது ஒரே சொல்லைத் தேடுவதே தவறா? லத்தீன் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோருமே சொல்லலாம்.

தேரடி:

லத்தீன் எனக்குத் தெரியாது. ஆனால் ரேஷன் கடையில் உள்ள 'ரேஷன்' இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று எங்கோ படித்த ஞாபகம். சரியா?

குருமடத்து மாணவன்:

சரிதான் தேரடி. ரேஷன், ரீசன், ரேஷியோ மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். மூன்றாவது நேராக லத்தீனிலிருந்தே எடுத்த சொல். முதல் இரண்டும் பிரெஞ்சு வழியாக, வெவ்வேறு காலத்தில் ஆங்கிலத்துக்குள் வந்தவை.

வாசகி அக்கா, குருமடத்தில் ஏழு ஆண்டுகள் லத்தீன் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் கத்தோலிக்கக் கோயில் வழக்கப்படி 'ராட்சியோ' என்று உச்சரிப்போம். நீங்கள் எழுதியிருப்பது சிசரோ காலத்து உச்சரிப்பு. அதையே இங்கே வைத்துக்கொள்வோம்.

இதன் வேர் 'ரெயோர்' என்ற வினை. கணிக்கிறேன், எண்ணுகிறேன், கருதுகிறேன் என்று பொருள். அதன் எச்ச வடிவம் 'ரத்துஸ்': கணித்து உறுதியானது, முடிவானது. அலுவலகங்களில் 'ப்ரோ-ராட்டா' என்று பங்கு போடுகிறோமே, அது இந்த வடிவம்தான். வட்டி 'ரேட்' என்பதும் இதே வழி வந்தது. ஆகவே அகராதியில் உள்ள அத்தனை பொருளுக்கும் அடியில் இருப்பது ஒருவன் உட்கார்ந்து வரவையும் செலவையும் கூட்டிக் கழித்துப் பார்க்கும் காட்சி. 'அறிவு' என்ற பெரிய பொருள் பிறகுதான் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. லூக்கா 16-ஆம் அதிகாரத்தில் எஜமான் தன் காரியஸ்தனைக் கூப்பிட்டுக் கேட்கிறான். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்ற அறிஞர் திருத்திய லத்தீன் வேதாகமப் பாடத்தில் அது 'ரெத்தே ரத்தியோனெம்'. பழைய தமிழ் வேதாகமத்தில் 'உன் உக்கிராணக்கணக்கை ஒப்புவி'. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் என்ன தெரியுமா? 'லோகோஸ்'. யோவான் நற்செய்தி 'ஆதியிலே வார்த்தை இருந்தது' என்று தொடங்குகிறதே, அந்த 'வார்த்தை'யும் இதே லோகோஸ்தான். கிரேக்கர்களுக்குக் கணக்கும் வார்த்தையும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. லத்தீனுக்கு வந்தவர்கள் அதைப் பிளக்க வேண்டியிருந்தது. ஜெரோம் யோவானில் 'வெர்பும்' (சொல்) என்று வைத்தார். அவருக்கு ஏறக்குறைய 170 ஆண்டுகளுக்கு முன்பே தெர்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், லோகோஸ் என்பதில் ரத்தியோவும் உண்டு, பேச்சும் உண்டு, ரத்தியோதான் மூத்தது என்று வாதாடினார். 1519-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் 'வெர்பும்' என்பதை மாற்றி 'செர்மோ' (பேச்சு) என்று போட்டுப் பெரிய சண்டையே வந்தது. உங்களைத் தடுத்து நிறுத்திய இதே இடத்தில்தான் அவர்களும் நின்றிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தணிக்கையர்:

முப்பத்து நான்கு ஆண்டுகள் கணக்குத் தணிக்கையில் இருந்தவன். சிசரோவை ஆங்கிலத்தில்தான் படித்திருக்கிறேன். ஆனால் குருமடத்துத் தம்பி சொன்னதும் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது வெர்ரேஸ் வழக்கு.

கி.மு. 70-இல் சிசரோ அந்த ஆளை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார். சிசிலியில் ஆளுநராக இருந்தபோது அவன் அடித்த கொள்ளைதான் முக்கியக் குற்றச்சாட்டு. ஆனால் சிசரோ அங்கே தொடங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் இளம் நிதி அதிகாரியாக இருந்தபோது வெர்ரேஸ் கொடுத்த கணக்கை எடுத்து வாசிக்கிறார். அது மொத்தமே மூன்று வரி. பெற்றது: 22,35,417 செஸ்தெர்ஸ் (ரோமானிய நாணயம்). சம்பளம், தானியம், தூதர்கள், உதவி அதிகாரி, தளபதியின் பரிவாரம் ஆகியவற்றுக்குக் கொடுத்தது: 16,35,417. அரிமினும் ஊரில் விட்டுவந்தது: 6,00,000. கூட்டினால் காசு பிசகாமல் நேராக நிற்கிறது. எதற்கு எவ்வளவு என்ற விவரம் மட்டும் எங்குமே இல்லை. சிசரோ உடனே கேட்கிறார்: 'ஹோக் எஸ்த் ரத்தியோனேஸ் ரெஃபெர்ரே?' நான் தமிழில் சொல்வதானால்: 'இதுவா கணக்கு ஒப்படைக்கிற லட்சணம்?'

கூட்டுத்தொகை சரியாக இருந்தால் கணக்கு சரி என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஓர் அலுவலகத்தில் இதே மாதிரி ஐந்து வரிச் செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு என்றால் எண்ணிக்கை மட்டும் இல்லை. 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதும் அதற்குள் அடக்கம். ஆங்கில அகராதி இரண்டையும் தனித்தனிப் பொருளாக எண் போட்டு அடுக்குகிறது. என் தொழிலில் இரண்டும் ஒன்றுதான்.

இன்னொன்று. பேரரசன் கிளாடியஸ் காலத்தில் அரண்மனை நிதிப் பொறுப்பில் இருந்தவருக்குப் பதவிப் பெயரே 'ஆ ரத்தியோனிபுஸ்', கணக்குகளுக்கு உரியவர். அந்தப் பதவியில் இருந்த பல்லாஸ், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர், 30 கோடி செஸ்தெர்ஸ் சேர்த்தவர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். நீரோ காலத்தில் கி.பி. 55-இல் பதவியை விட்டுப் போகும்போது அவர் போட்ட நிபந்தனை இது: கடந்த காலத்தைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக்கூடாது, அரசோடு தன் கணக்கு நேராகிவிட்டதாகவே கொள்ள வேண்டும். கணக்கு நேர் என்றால் இனிக் காரணம் கேட்காதே என்று அர்த்தம் ஆகிவிடுகிறது. படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

வைகறை வாசகி:

ஐயா, வெர்ரேஸ் உரையை நான் இன்னும் தொடவில்லை. 'லட்சணம்' என்று நீங்கள் போட்ட சொல் அந்தக் கேள்வியின் சூட்டை அப்படியே கொண்டுவருகிறது. எழுதி வைத்துக்கொண்டேன்.

என்னை நிறுத்திய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பகுதி, 50-ஆம் பிரிவு. மனித சமூகத்தைக் கட்டிப் பிடித்திருப்பது எது என்று கேட்டுவிட்டு சிசரோ சொல்கிறார்: 'ரத்தியோ எத் ஓராத்தியோ'. 'ஓராத்தியோ' என்றால் பேச்சு. குருமடத்து மாணவர் சொன்ன லோகோஸ்தான் இங்கே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது என்று இப்போது புரிகிறது. ஒலியில் அவை உடன்பிறந்தவை போல இருக்கின்றன, ஒரு 'ஓ' மட்டும் கூடுதல். வேரில் இரண்டுக்கும் உறவு இல்லை என்றாலும் அந்த ஒலி ஒற்றுமையை சிசரோ வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். 'கணக்கும் பேச்சும்' என்று எழுதினால் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. 'அறிவும் பேச்சும்' என்றால் சப்பென்று போகிறது.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

நான் கணக்கு டீச்சர். என் பக்கத்திலிருந்து ஒன்று.

'ரேஷனல் நம்பர்' என்று சொல்லிக்கொடுக்கும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும்: "மிஸ், அப்போ இர்ரேஷனல் நம்பர் புத்தியில்லாத நம்பரா?" நல்ல கேள்வி. அங்கே 'ரேஷனல்' என்பது அறிவைச் சொல்லவில்லை, விகிதத்தைச் சொல்கிறது. இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடிந்தால் ரேஷனல். தமிழ்ப் பாடநூலில் 'விகிதமுறு எண்', 'விகிதமுறா எண்' என்று தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பமே வருவதில்லை.

இதிலும் லோகோஸ்தான் மூலம். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் ஐந்தாம் நூலில் இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள உறவை லோகோஸ் என்கிறார். விகிதம் இல்லாதது 'அலோகோஸ்'. அதே சொல்லுக்குப் பேச்சற்றது என்றும் பொருள். அரபு அறிஞர்கள் அதை 'அஸம்ம்' என்றார்கள், காது கேளாதது என்று அர்த்தம். 12-ஆம் நூற்றாண்டில் அரபிலிருந்து லத்தீனுக்கு வந்தபோது 'சுர்துஸ்', அதுவும் காது கேளாததுதான். அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'சர்ட்'. மூலக்குறிக்குள் 2 போட்டு எழுதுகிறோமே, அந்தப் பெயர் இப்படிப் பேச்சிழந்து, பிறகு செவியிழந்து வந்து சேர்ந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் அன்றைக்கு அந்த எண்ணை மறக்க மாட்டார்கள்.

பனிமலைத் தமிழன்:

சுவிசில் இருந்து எழுதுகிறேன். ஊர் யாழ்ப்பாணம். இங்கே அரச படிவங்கள் மூன்று மொழியிலும் வரும். கடை ஒன்று பதிவு செய்யப் போன நேரம் நான் கண்டது: நிறுவனத்தின் பெயர் என்ற இடத்தில் பிரெஞ்சில் 'ரெசோன் சோசியால்', இத்தாலியனில் 'ராஜோனே சோச்சாலே'. நேர்ப்பொருளில் எடுத்தால் 'சமூக நியாயம்'! நிறுவனத்தின் பெயருக்கும் நியாயத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்றைக்கு விளங்கவே இல்லை. இப்ப விளங்குகிறது. வணிகர்களின் ரத்தியோ அது, கூட்டுக் கணக்கு எந்தப் பெயரில் நடக்கிறதோ அந்தப் பெயர்.

இத்தாலியனில் கணக்காளருக்கு 'ராஜோனியேரே' என்று பெயர். 'ராஜோனே' என்றால் நியாயம், காரணம். போர்த்துக்கேய மொழியில் 'ரசாவ்' என்ற ஒரே சொல் நியாயத்துக்கும், விகிதத்துக்கும், பேரேட்டுக்கும் நிற்கும். பிரான்சில் பழைய குடும்பங்கள் வீட்டு வரவு செலவு எழுதி வைத்த ஏட்டுக்கு 'லீவ்ர் த ரெசோன்' என்று பெயர். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அதே ஏட்டில்தான் எழுதினார்கள்.

ஜெர்மன் மொழியில் பேச்சுக்கு 'ரேடே' என்பார்கள். அதுவும் ரத்தியோவுக்கு இனமான சொல். பழைய கோத்திக் மொழி வேதத்தில் நீங்கள் சொன்ன அதே லூக்கா 16-இல் கணக்கு என்ற இடத்தில் நிற்பது அதற்கு உறவான 'ரத்யோ'. அங்கே கணக்கு, இங்கே பேச்சு. ஆகவே சிசரோவின் இரண்டு சொல்லும் ஜெர்மனில் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்துகொண்டன என்று சொல்லலாம்.

தேரடி:

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ரேஷனுக்குத் திரும்புகிறேன். கணக்கு எப்படி அரிசி ஆனது?

குருமடத்து மாணவன்:

கணக்குப் பார்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பங்கு. படைவீரனுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ரொட்டி என்று அளந்து கொடுத்ததற்கு இந்தப் பெயர் வந்தது. இது பிற்காலப் பொருள். சிசரோவிடம் போய் ரத்தியோ என்று சொல்லி அரிசி கேட்டால் அவருக்குப் புரியாது.

ஆனால் அப்படி அளந்து கொடுக்கும் ஏற்பாடு ரோமில் இருந்தது. கி.மு. 123-இல் காயுஸ் கிராக்குஸ் மலிவு விலையில் தானியம் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58-இல் அது இலவசமானது. ஆளுக்கு மாதம் 5 மோடியுஸ் கோதுமை, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 33 கிலோ. பெறுவோர் பட்டியலைப் பேரரசர் அகுஸ்துஸ் சுமார் இரண்டு லட்சம் பேர் என்று வரம்பு கட்டினார். கையில் அடையாள வில்லை ஒன்று இருந்தால்தான் தானியம். அதை 'தெஸ்ஸெரா' என்பார்கள்.

தேரடி:

ரேஷன் கார்டேதான்!

நம்மூரில் அரசு வைத்த பெயர் நியாயவிலைக் கடை. பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கும், வாயில் வருவது ரேஷன் கடை. பனிமலைத் தமிழன் சொன்னதைப் படித்ததும் தோன்றியது: 'நியாயம்' என்பதும் இதே வகைச் சொல்தானே? தர்க்க சாத்திரத்துக்கு நியாயம் என்று பெயர். நீதிக்கும் நியாயம். "நீ சொல்றது நியாயம்தான்" என்றால் சரி என்று அர்த்தம். ஆக, ஒரே கடைக்கு இரண்டு பெயர், இரண்டிலும் ரத்தியோ இருக்கிறது.

பனிமலைத் தமிழன்:

எங்களுக்கு அது சங்கக்கடை. அட்டையைக் கூப்பன் என்று சொல்லுவோம். எழுத்தில் 'பங்கீட்டு அட்டை'.

காவிரிக்கரை:

எல்லாரும் சுற்றி வளைக்கிறீர்கள். 'பகுத்தறிவு' என்று ஒரு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறதே. ரேஷனலிசம் என்றால் பகுத்தறிவு வாதம். ரத்தியோ என்றால் பகுத்தறிவு. முடிந்தது. பனிமலைத் தமிழன் சொன்ன 'பங்கீடு' கூட அதே 'பகு' என்ற வேர்தான். பகுத்துக் கொடுப்பது ரேஷன், பகுத்து அறிவது ரீசன். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

வைகறை வாசகி:

காவிரிக்கரை, அந்த 'பகு' பொருத்தம் அழகாக இருக்கிறது. நான் யோசித்ததே இல்லை. ஆனால் சிசரோவுக்கு இந்தச் சொல்லைப் போட எனக்குத் தயக்கம் உண்டு.

தமிழில் பகுத்தறிவு என்றால் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் நினைவுக்கு வராமல் இருக்காது. அது அந்தச் சொல்லுக்குக் கிடைத்த பெருமை. கேள்வி கேட்காமல் எதையும் ஏற்காதே, கடவுளின் பேரால் சொன்னாலும் ஏற்காதே என்ற போராட்டம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. சிசரோவின் ரத்தியோ அப்படிப்பட்டது இல்லை. 'சட்டங்கள் பற்றி' நூலில் அவர் சொல்வது, மனிதனுக்கும் கடவுளுக்கும் பொதுவாக உள்ளது ரத்தியோ, ஆகவே இருவரும் ஒரே நாட்டின் குடிமக்கள் போன்றவர்கள் என்பது. அங்கே 'பகுத்தறிவு' என்று எழுதினால் தமிழ் வாசகர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். சொல்லின் மேல் எனக்குக் குறை இல்லை. அதற்கு இங்கே ஒரு வரலாறு இருக்கிறது, அந்த வரலாற்றை இழுத்துக்கொண்டுபோய் ரோமில் விட முடியாது.

காவிரிக்கரை:

ஏற்கிறேன். அப்படியானால் ரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸுக்குப் போடலாமே? கடவுள் பயத்தை விரட்டுகிறவர் அவர்தானே.

குருமடத்து மாணவன்:

லுக்ரீசியஸிடம் ஒரு வரி நான்கு இடங்களில் அப்படியே திரும்ப வருகிறது. மனதின் பயத்தையும் இருளையும் சூரியக் கதிர் விரட்டாது, 'நாத்தூராய் ஸ்பெக்கியேஸ் ரத்தியோக்வே' விரட்டும் என்கிறார். 'ஸ்பெக்கியேஸ்' என்றால் இயற்கையின் வெளித்தோற்றம், கண்ணுக்குத் தெரிவது. 'ரத்தியோ' அதன் உள்ளே இயங்கும் ஒழுங்கு. அந்த ஒழுங்கை நாம் அறியும் அறிவும் அதே சொல்லில் சேர்ந்து ஒலிக்கிறது. பகுத்தறிவு என்று போட்டால் மனிதத் தலைக்குள் இருப்பது மட்டும் வரும். வெளியே இயற்கையில் இருப்பது விழுந்துவிடும். நான் 'இயற்கையின் தோற்றமும் நெறியும்' என்பேன். நெறி என்பதற்கு வழி என்றும் ஒழுங்கு என்றும் பொருள் இருப்பதால் இரண்டு பக்கமும் நிற்கும்.

இலஞ்சித் தமிழாசிரியர்:

இரண்டு நாளாகப் படித்துவிட்டு இப்போதுதான் எழுதுகிறேன். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் தொட்டுவிட்டு நகர்ந்துபோன ஒரு சொல்லுக்காகப் பேச வேண்டியிருக்கிறது. 'கணக்கு'.

கணக்கு என்றால் கடை வாசல் என்று வாசகி அம்மா எழுதியிருந்தார். தமிழில் அந்தச் சொல் கடை வாசலோடு நிற்கவில்லை. பதினெண்கீழ்க்கணக்கு என்கிறோமே, அங்கே கணக்கு என்றால் நூல். கணக்காயர் என்றால் ஆசிரியர், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று படித்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக மணிமேகலையின் 27-ஆம் காதை. அதன் பெயர் 'சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை'. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமய வாதியிடமும் போய் உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். அந்த மெய்யியல் வாதிகளுக்குச் சாத்தனார் காப்பியம் கொடுத்த பெயர் கணக்கர். தணிக்கையர் ஐயா சொன்னது போலத்தான்: தன் கொள்கைக்கு 'ஏன்' என்று கணக்கு ஒப்புவிக்கத் தெரிந்தவர்கள். முதலில் பேசுகிறவர் அளவைவாதி. அளவை என்றால் படியும் மரக்காலும்தான், அறிவுக்கு ஆதாரமான பிரமாணமும் அதுதான். தருக்க நூலுக்குத் தமிழில் அளவை நூல் என்று பெயர். கடைசியில் வருகிறவர் பூதவாதி. நிலம், நீர் முதலிய பூதங்கள் சேர்வதால்தான் உணர்வும் பிறக்கிறது என்று சாதிப்பவர். லுக்ரீசியஸை அவருக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

பேச்சு வழக்கையும் பாருங்கள். 'ஒரு கணக்கில் பார்த்தால் அவன் செய்தது சரி.' 'அது என்ன கணக்கு?' 'அவர் கணக்கே வேறு.' 'கணக்குப் போட்டுத்தான் பேசுகிறான்.' இந்த நான்கிலும் கூட்டல் கழித்தல் இல்லை. முதலாவதில் கண்ணோட்டம், இரண்டாவதில் காரணம், மூன்றாவதில் திட்டம், நான்காவதில் உள்நோக்கம். உங்கள் லத்தீன் அகராதி அடுக்கிய பொருள்களில் பாதி இங்கேயே வந்துவிட்டன.

குருமடத்து மாணவன்:

ஐயா, 'ஒரு கணக்கில் பார்த்தால்' என்பதைப் படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். லத்தீனில் 'அலிக்வா ரத்தியோனே' என்றால் ஏதோ ஒரு வகையில், 'நுல்லா ரத்தியோனே' என்றால் எந்த வகையிலும் இல்லை. வேற்றுமை உருபு வரை அப்படியே பொருந்துகிறது.

ஆனால் ஓரிடத்தில் என் மனம் ஒப்பவில்லை. சிசரோவின் புகழ்பெற்ற வாக்கியம் ஒன்று: உண்மையான சட்டம் என்பது இயற்கையோடு ஒத்துப்போகும் 'ரெக்தா ரத்தியோ'. 'ரெக்தா' என்றால் நேரானது, செம்மையானது. ரோமுக்கு ஒரு சட்டம், ஏதென்ஸுக்கு ஒரு சட்டம், இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று அது மாறாது என்கிறார். 'நேரான கணக்கு' என்று அங்கே எழுதினால் அந்த வாக்கியத்தின் கம்பீரம் போய்விடும். அங்கே எனக்குச் 'செந்நெறி'தான் தோன்றுகிறது.

இலஞ்சித் தமிழாசிரியர்:

உண்மைதான். அங்கே கணக்கு நிற்காது. எல்லா இடத்துக்கும் ஒன்று என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கணக்கைத் தாழ்வாக எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகத்தான் சொன்னேன்.

ஓய்வுபெற்ற தணிக்கையர்:

'கணக்குப் போட்டு' என்ற வழக்குக்கு ஓர் இடம் சிசரோவிலேயே உண்டு. 'கடவுளரின் இயல்பு பற்றி' மூன்றாம் பகுதியில் கோட்டா என்பவர் பேசுகிறார். ரத்தியோவை மனிதனுக்குக் கடவுள் கொடுத்த பெரும் கொடை என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டது. கோட்டா விடவில்லை. கிரேக்கப் புராணத்து மேதேயா தன் சகோதரனைக் கொன்றதும் ரத்தியோவோடுதானே, அத்ரேயுஸ் பழிவாங்கியதும் ரத்தியோவோடுதானே, ஏமாற்றுகிறவன் எவனுக்கும் அது இல்லாமல் காரியம் நடக்குமா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அங்கே நெறி என்று எழுத முடியாது, அறிவு என்றாலும் பாதிதான் வருகிறது. கணக்குப் போட்டுச் செய்தாள் என்பதே சரி. நான் தணிக்கை செய்த காலத்தில் கண்ட பெரிய மோசடி எதையும் முட்டாள் செய்யவில்லை. எல்லாம் துல்லியமாகக் கணக்குப் போட்டுச் செய்தவைதான்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:

இத்தனை பேரும் பேசிவிட்டீர்கள், 'எண்' என்ற சொல் மட்டும் விடுபட்டுவிட்டது. எண் என்றால் நம்பர். எண்ணுதல் என்றால் ஒன்று இரண்டு என்று எண்ணுவதும்தான், மனதில் நினைப்பதும்தான். 'எண்ணித் துணிக கருமம்' என்ற குறளில் நினைப்பது. காசை எண்ணிக்கொடு என்றால் மற்றது. குருமடத்து மாணவர் முதலில் சொன்ன 'ரெயோர்' வினைக்கு இதைவிட நேரான சொல் இருக்கிறதா?

வைகறை வாசகி:

டீச்சர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாள்தோறும் வாயில் வரும் சொல், எனக்குத் தோன்றவே இல்லை.

'எண்ணும் எழுத்தும்' என்று நாம் பழகிய இணை ஒன்று இருப்பதால், ரத்தியோ எத் ஓராத்தியோவுக்கு அதையே வைக்கலாமா என்று பார்த்தேன். முடியாது. ஓராத்தியோ வாயால் பேசுவது. பேச்சற்ற விலங்கைப் பற்றி அடுத்த வரியில் சிசரோ சொல்லப்போகிறார், எழுத்தறியாத விலங்கைப் பற்றி இல்லை.

இலஞ்சித் தமிழாசிரியர்:

ஒலி ஒத்து வர வேண்டுமானால் 'உன்னலும் பன்னலும்' என்று சொல்லலாம். உன்னல் நினைத்தல், பன்னல் சொல்லுதல். பழைய இலக்கியத்தில் உள்ளவை.

வைகறை வாசகி:

ஐயா, சத்தம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன், அவ்வளவு அழகு. சிசரோவின் ஒலிக்கு இதுதான் மிக நெருக்கம். ஆனால் இன்றைக்கு வாசிக்கிறவர் இரண்டு சொல்லுக்கும் அகராதி தேட வேண்டியிருக்கும். சிசரோ தன் மகனுக்கு எழுதியது, அந்தப் பையன் தேடியிருக்க மாட்டான். அதனால் மனமில்லாமல் விடுகிறேன்.

இப்போதைக்கு என் பாடம் இது:

'மனிதரைப் பிணைத்திருக்கும் கட்டு எண்ணமும் பேச்சும்தான். கற்பித்தும் கற்றும், பகிர்ந்தும் வாதாடியும் தீர்ப்புச் சொல்லியும் அவைதான் மனிதரை மனிதரோடு இணைத்து, இயல்பாகவே அமைந்த ஒரு கூட்டாக ஆக்குகின்றன. விலங்குகளின் இயல்பிலிருந்து நம்மை இவ்வளவு தூரம் விலக்கி வைப்பது வேறெதுவும் இல்லை. குதிரைக்கும் சிங்கத்துக்கும் வீரம் உண்டு என்று அடிக்கடி சொல்கிறோம். நீதியும் நடுவுநிலையும் நற்குணமும் உண்டு என்று சொல்வதில்லை. எண்ணமும் பேச்சும் அவற்றுக்கு வாய்க்கவில்லை.'

வரவு செலவு வரும் இடங்களில் கணக்கு. லுக்ரீசியஸை எடுக்கும்போது நெறி. கோட்டாவுக்குக் கணக்குப் போட்டு. ஆனால் எங்கெல்லாம் ரத்தியோ வருகிறதோ அங்கெல்லாம் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போகிறேன். கோர்வை எங்கே அறுகிறது என்று எனக்காவது தெரிய வேண்டும்.

குருமடத்து மாணவன்:

'கட்டு' என்பது 'வின்குலும்' என்ற சொல்லுக்கு நன்றாக இருக்கிறது. அது கயிறுக்கும் கைவிலங்குக்கும் கூட வழங்கும் சொல். 'வாய்க்கவில்லை' மட்டும் கொஞ்சம் மென்மையாகப் போகிறது. மூலத்தில் 'எக்ஸ்பெர்தேஸ்', பங்கு இல்லாதவை. 'எண்ணத்திலும் பேச்சிலும் அவற்றுக்குப் பங்கில்லை' என்றால்?

வைகறை வாசகி:

பங்கு! ஆமாம். மாற்றிவிட்டேன். காவிரிக்கரையின் 'பகு'வும் உள்ளே வந்துவிட்டது. இன்று இரவு 51-ஆம் பிரிவு. அதில் ரத்தியோ வருகிறதா என்று பார்த்துவிட்டு நாளை எழுதுகிறேன்.